எம்.ஏ. இங்கிலீஷ்: கட்டணம் சில ஆயிரம், உண்மையான விலை 1,920 மணி நேரம்

"வேலைக்குப் போய்க்கிட்டே எம்.ஏ. இங்கிலீஷ் பண்ணலாமா? கரஸ்ல எது ஈஸியா முடியும்?" இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. கேட்கிறவங்கள்ல பெரும்பாலும் 23-லிருந்து 30 வயசுக்குள்ள, மாசச் சம்பளம் வாங்குறவங்க. பலருக்கு டிகிரி பி.இ. அல்லது பி.காம். "சும்மா ஒரு பிஜி இருக்கட்டும் சார்" என்பதுதான் காரணமா வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எம்.ஏ. இங்கிலீஷ் நல்ல படிப்பு. ஆனா "சும்மா இருக்கட்டும்" என்பதற்காகச் சேர்ற எம்.ஏ. இங்கிலீஷ், நீங்க வாங்கக்கூடிய விலை அதிகமான பொருள்கள்ல ஒண்ணு. கட்டணம் குறைவா இருக்கிறதால அந்த விலை கண்ணுக்குத் தெரியறதில்லை, அவ்வளவுதான். அது எவ்வளவு, யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு இக்னோவை எடுத்துக்கறேன். 1985-ல் தொடங்கிய மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சென்னை, மதுரைல மண்டல மையங்கள் இருக்கு. வேலை பார்க்கிறவங்க தேதியை வளைச்சு, நெளிச்சுப் படிக்கிற வசதி இதுல அதிகம். நீங்க வேற பல்கலைக்கழகத்தைப் பார்த்து வெச்சிருந்தாலும் இதே முறையில கணக்குப் போடலாம்.

முடிக்க என்னென்ன வேணும்?

சேர்றதுக்குத் தேவை ஒரு இளங்கலைப் பட்டம். எந்தப் பாடமா இருந்தாலும் சரி. நுழைவுத் தேர்வு இல்லை. ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு முறை அட்மிஷன்.

முடிக்கிறதுக்கு, பல வருஷமா இருந்துவர்ற அமைப்பு இதுதான்: மொத்தம் 64 கிரெடிட். 8 தாள், ஒவ்வொண்ணும் 8 கிரெடிட். முதல் வருஷம் நாலு தாளும் கட்டாயம்: ஆங்கிலக் கவிதை, நாடகம், நாவல், மொழியியல். ரெண்டாவது வருஷம் இலக்கிய விமர்சனமும் கோட்பாடும் கட்டாயம். மீதி மூணு தாளை அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம், ஆஸ்திரேலிய இலக்கியம், ஒப்பிலக்கியம் மாதிரியான பட்டியல்ல இருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சேரும்போது உங்க பேட்ச்சோட கையேட்டுல கிரெடிட் எண்ணிக்கையை ஒருமுறை சரிபார்த்துக்கோங்க. பாடத்திட்டம் மாறினா கீழே வர்ற கணக்கும் அதே விகிதத்துல மாறும்.

குறைந்தபட்சம் 2 வருஷம், அதிகபட்சம் 4 வருஷம். தேர்வு ஜூன்ல ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணு. ஒவ்வொரு தாளுக்கும் ரெண்டு பகுதி: வீட்டிலிருந்து எழுதி அனுப்புற அசைன்மெண்டுக்கு 30%, தேர்வு மையத்துல உட்கார்ந்து எழுதுற மூணு மணி நேரத் தேர்வுக்கு 70%. ரெண்டுலயும் தனித்தனியா 40 எடுக்கணும். தேர்வுல 70 எடுத்துட்டேன், அசைன்மெண்ட் அனுப்பலைன்னா அந்தத் தாள் முடியாது.

"ஃப்ளெக்ஸிபிள்" என்ற வார்த்தையோட அர்த்தம் இவ்வளவுதான். தினமும் வகுப்புக்குப் போக வேண்டாம், எந்தத் தேர்வுல எந்தத் தாள் எழுதுறோம்னு நாமே முடிவு பண்ணலாம். படிக்க வேண்டிய அளவு குறையாது. நாவல் தாள்ல மட்டும் 'டாம் ஜோன்ஸ்'ல ஆரம்பிச்சு 'மிடில்மார்ச்', 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' வரை ஒன்பது நாவல். 'மிடில்மார்ச்' பல பதிப்புகள்ல 800 பக்கத்தைத் தொடும். ஒரே தாள்ல ஒரே நாவல், ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப மணிக்கணக்குக்கு வருவோம்

இக்னோ கணக்குப்படி ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. படிக்கிறது, அசைன்மெண்ட் எழுதுறது, வீடியோ பார்க்கிறது எல்லாம் சேர்த்து.

64 கிரெடிட் × 30 மணி = 1,920 மணி நேரம்.

ரெண்டே வருஷத்துல முடிக்கணும்னா, 104 வாரத்தால வகுத்தா வாரத்துக்கு சுமார் 18 மணி நேரம். வேலைநாள்ல தினமும் 2 மணி, சனி ஞாயிறு தலா 4 மணி. ரெண்டு வருஷம், விடாம. கல்யாணம், காய்ச்சல், ரிலீஸ் வீக், தீபாவளி எல்லாம் நடுவுல வரும்.

இதுக்கு ரூபாய்ல விலை போடலாம். உங்க கைக்கு வர்ற சம்பளம் 30,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மாசத்துக்கு 200 மணி நேரம் வேலை பார்த்தா, ஒரு மணி நேரத்துக்கு உங்க சந்தை விலை 150 ரூபாய்.

1,920 × 150 = 2,88,000 ரூபாய்.

ரெண்டு வருஷக் கட்டணம், தாளுக்கு 200 ரூபாய் அளவுல வர்ற தேர்வுக் கட்டணம், தபால் செலவு எல்லாம் கூட்டினாலும் இந்தத் தொகைக்குப் பக்கத்துல கூட வராது. ஆனா நம்மள்ல பெரும்பாலானவங்க "ஃபீஸ் கம்மிதானே" என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் கட்டிடறோம். 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. ஆரம்பிக்க மூணு மாசம் யோசிக்கிறவங்க, 2.88 லட்சம் மதிப்புள்ள நேரத்தை அஞ்சு நிமிஷத்துல ஆன்லைன்ல சப்மிட் பண்றாங்க.

"அந்த நேரத்துல நான் ரீல்ஸ்தானே பார்க்கப் போறேன், அதுக்கு என்ன விலை?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா சாயங்காலம் களைச்சுப் போய் ரீல்ஸ் பார்க்கிற நேரத்துல மில்டனைப் படிக்க முடியாது. படிப்புக்கு வேணும் என்பது தெளிவான தலையோட இருக்கிற நேரம். அந்த நேரத்துக்கு வேற வாடிக்கையாளர்களும் இருக்காங்க: உங்க துறைச் சான்றிதழ், அடுத்த வேலைக்கான தயாரிப்பு, போட்டித் தேர்வு, குடும்பம். அவங்களையெல்லாம் நிறுத்தி வெச்சுட்டுத்தான் இதுக்குக் கொடுக்கறீங்க.

40-ல பாஸ், 55-ல தான் பலன்

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா அது இதுதான். டிகிரியை முடிக்கத் தேவையான மார்க் வேற, அந்த டிகிரியைப் பயன்படுத்தத் தேவையான மார்க் வேற.

முடிக்க 40% போதும். ஆனா கல்லூரில உதவிப் பேராசிரியர் ஆகணும்னா யுஜிசி விதிப்படி முதுகலைல 55% வேணும். நெட் தேர்வு எழுதவும் பொதுப்பிரிவுக்கு 55%. கிரீமி லேயர்ல வராத ஓபிசி, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50%. அதாவது 48% எடுத்து டிகிரி வாங்கினா கையில சான்றிதழ் இருக்கும், அதைக் கொண்டுபோய்த் தட்ட வேண்டிய முக்கியமான கதவு திறக்காது. 1,920 மணி நேரமும் செலவாகிடும்.

மதிப்பெண்ணைப் பிறகு உயர்த்திக்கலாமான்னு கேட்பீங்க. அதுக்குக் கடுமையான நிபந்தனைகள் இருக்கு. அதை நம்பி இறங்காதீங்க. முதல் முறையிலயே 55-ஐத் தாண்டுறதுதான் திட்டமா இருக்கணும்.

எப்படித் தாண்டுறது? விடை அசைன்மெண்ட்ல இருக்கு. மொத்தம் 55 வரணும்னா:

- அசைன்மெண்ட்ல 40 எடுத்தா, தேர்வுல 62 வேணும்.
- அசைன்மெண்ட்ல 60 எடுத்தா, தேர்வுல 53 போதும்.
- அசைன்மெண்ட்ல 75 எடுத்தா, தேர்வுல 47 போதும்.

இலக்கியத் தேர்வுல 62 வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்க. 47 என்பது வேலைக்குப் போறவங்களுக்கும் எட்டுற தூரம். அசைன்மெண்ட் என்பது புத்தகத்தைத் திறந்து வெச்சு, நேரம் எடுத்து, வீட்டுல எழுதுறது. ஆனா நடைமுறைல என்ன நடக்குது? கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி, 'சால்வ்டு அசைன்மெண்ட்' பிடிஎஃப் 50 ரூபாய்க்கு வாங்கி அப்படியே காப்பி அடிக்கிறாங்க. அதே பிடிஎஃப்-ஐ நூறு பேர் வாங்கியிருப்பாங்க. திருத்துறவருக்கு முதல் பாராவுலயே தெரிஞ்சுடும். 30% மார்க்கை நீங்களே முழுசாக் கையில வெச்சிருக்கிற ஒரே இடத்தை 50 ரூபாய்க்கு வித்துடறது எந்த வகையில லாபம்?

யாருக்கு இது வேணும், யாருக்கு வேண்டாம்

சேர விரும்புறவங்க சொல்ற காரணங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கலாம்.

*"இங்கிலீஷ் நல்லா பேச வரணும்."* அப்ப இது உங்களுக்கான படிப்பு இல்லை. எம்.ஏ. இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி கிடையாது, இலக்கியப் படிப்பு. சாஸர் கவிதையைப் பத்தி நாலு பக்கம் எழுதத் தெரிஞ்சவர், திங்கக்கிழமை கிளையண்ட் காலில் திணறலாம். ரெண்டுக்கும் சம்பந்தம் குறைவு. பேச வரணும்னா தினமும் அரை மணி நேரம் சத்தமா வாசிச்சு, பேசிப் பழகுங்க. ஆறு மாசத்துல ஆகிற செலவு 90 மணி நேரம். 1,920 எங்க, 90 எங்க?

*"பிரமோஷனுக்கு உதவும்."* உதவுமான்னு உங்க எச்.ஆர். பாலிசியை எடுத்துப் படிச்சுட்டுச் சொல்லுங்க. பெரும்பாலான தனியார் நிறுவனங்கள்ல வேலைக்குச் சம்பந்தமில்லாத முதுகலைப் பட்டத்துக்குத் தனியா ஹைக் கிடையாது. உங்க மேனேஜர்கிட்டயே நேரடியாக் கேளுங்க: "இதை முடிச்சா என் கிரேடுல ஏதாவது மாறுமா?" அவர் ரெண்டு செகண்ட் யோசிச்சாலே விடை தெரிஞ்சுடும்.

*"ஸ்கூல்ல அரசு ஆசிரியர் ஆகணும்."* நல்ல இலக்கு. தமிழ்நாட்டுல முதுகலை ஆசிரியருக்கான சம்பள விகிதம் 36,900-ல் தொடங்கி 1,16,600 வரை போகுது. ஆனா ரெண்டு தடை இருக்கு. முதல் தடை: டி.ஆர்.பி. முதுகலையோட பி.எட். கேட்குது. இக்னோவோட தொலைதூர பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பணில இருக்கிறவங்களுக்கும் ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்கும் உரியது. ஐ.டி. கம்பெனில இருந்துக்கிட்டுச் சேர முடியாது. ரெகுலர் பி.எட்.னா வேலையை விடணும். ரெண்டு வருஷச் சம்பளம், 30,000 × 24 = 7.2 லட்சம் ரூபாய். இதை யாரும் கணக்குல சேர்க்கறதே இல்லை. ரெண்டாவது தடை: இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்துலயோ, இணையானதா அறிவிக்கப்பட்ட பாடத்துலயோ இருக்கணும்னு கேட்கறாங்க. பி.இ. மெக்கானிக்கல் முடிச்சுட்டு எம்.ஏ. இங்கிலீஷ் பண்ணினா இந்த வழி அடைபடும். பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சவங்களுக்குத்தான் இது திறந்திருக்கு. பணம் கட்டறதுக்கு முன்னாடி கடைசியா வந்த டி.ஆர்.பி. அறிவிக்கையோட தகுதிப் பகுதியை ஒருமுறை வரிவரியாப் படிங்க.

*"காலேஜ் லெக்சரர் ஆகணும்."* வேலைல இருந்துக்கிட்டே போகக்கூடிய வழி இதுதான். இங்க பி.எட். தேவையில்லை. நெட் தேர்வுக்கு முதுகலைப் பாடம்தான் முக்கியம், இளங்கலைல என்ன படிச்சீங்கன்னு பார்க்கறதில்லை. பி.இ. முடிச்சவரும் எழுதலாம். 150 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் இல்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயசு வரம்பும் இல்லை. முதுகலை கடைசி வருஷத்துல இருக்கும்போதே எழுதலாம். ஜெ.ஆர்.எஃப். கிடைச்சு முழுநேர ஆய்வுக்குப் போனா 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பல பேரோட முதல் சம்பளத்தைவிட அதிகம். ஆனா ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லணும்: நெட் பாஸ் பண்ணினா தகுதிதான் கிடைக்கும், வேலை தானா வராது. சுயநிதிக் கல்லூரிகள்ல ஆரம்பச் சம்பளம் உங்க இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உங்க ஊர்ல இருக்கிற ரெண்டு கல்லூரில நேர்ல போய் விசாரிங்க.

*"கன்டென்ட், எடிட்டிங், மொழிபெயர்ப்புத் துறைல இருக்கேன்."* ஓரளவு பயன் உண்டு. ஆனா அங்க முதல்ல கேட்கிறது நீங்க எழுதின மாதிரிகளை. அதே நேரத்துல பாதியை எழுதிச் சேர்க்கறதுக்குக் கொடுத்தா பலன் சீக்கிரம் வரும்.

*"எனக்கு இலக்கியம் பிடிக்கும். பத்தாவதுல இருந்தே ஆசை. வீட்டுல இன்ஜினியரிங் சேர்த்துட்டாங்க."* தாராளமாச் சேருங்க. நான் பணத்தைப் பத்திப் பேசறவன், ஆனா எல்லாத்துக்கும் ரிட்டர்ன் கேட்கச் சொல்ல மாட்டேன். வருஷம் ஒரு ட்ரிப்புக்கு 20,000 செலவு பண்றோம், அதுக்கு என்ன ஆர்.ஓ.ஐ.? ஆசைக்குப் படிக்கிறவங்களுக்கு நாலு வருஷ அவகாசம் ஒரு வரம். அவங்கதான் பெரும்பாலும் முடிக்கவும் செய்வாங்க, ஏன்னா படிக்கிற நேரம் அவங்களுக்குச் செலவே இல்லை. அதை முதலீடுன்னு மட்டும் உங்ககிட்டயே சொல்லிக்காதீங்க.

சேர்றதா முடிவு பண்ணிட்டா: மூணு வருஷத் திட்டம்

ரெண்டு வருஷத்துல முடிக்கணும்னு வைராக்கியம் வேண்டாம். 4 வருஷம் இருக்குன்னு அசட்டையும் வேண்டாம். நான் சொல்றது மூணு வருஷம்.

ஜூலைல சேர்ந்தா முதல் தேர்வு அடுத்த ஜூன். அதுல ரெண்டு தாள். டிசம்பர்ல ஒரு தாள். அடுத்த ஜூன்ல ரெண்டு. டிசம்பர்ல ஒண்ணு. மூணாவது ஜூன்ல ரெண்டு. மொத்தம் 8 தாள், அஞ்சு தேர்வு, மூணு வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும். வாரத்துக்கு 13 மணி நேரம் போதும்: வேலைநாள்ல ஒரு மணி, சனி ஞாயிறு தலா நாலு மணி. ஏதாவது ஒரு தாள் போனாலும் கையில இன்னும் ஒரு வருஷம் மிச்சம். எமர்ஜென்சி ஃபண்டு மாதிரிதான் அது. தொடாம வெச்சிருக்கத்தான் வைக்கறோம்.

அசைன்மெண்ட் தேதிகளைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. வழக்கமா ஜூன் தேர்வுக்கு ஏப்ரல் 30, டிசம்பர் தேர்வுக்கு அக்டோபர் 31. அக்கவுண்ட்ஸ், பேங்க், ஆடிட் வேலைல இருக்கிறவங்க கவனிங்க: மார்ச் இயர் எண்ட் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஏப்ரல் 30 வந்துடும். அக்டோபர் கடைசின்னா தீபாவளி சீசன். அதனால உங்க சொந்தக் கெடுவை பிப்ரவரி கடைசி, செப்டம்பர் கடைசின்னு வெச்சுக்கோங்க. தேதி நீட்டிப்பு அடிக்கடி வரும், ஆனா அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

பலர் தடுக்கி விழற இன்னொரு இடம் மறுபதிவு. முதல் வருஷத் தாள் எழுதலைன்னாலும், ஃபெயில் ஆனாலும், ரெண்டாவது வருஷத்துக்கு நேரத்துல ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிப் பணம் கட்டலாம். "முதல் வருஷம் முடிச்சுட்டுக் கட்டிக்கலாம்"னு விட்டா அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்கணும். நாலு வருஷ கடிகாரம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அதுவும் தாண்டிப் போச்சுன்னா, மீதித் தாள்களுக்குத் தனியாப் பணம் கட்டி ரீ-அட்மிஷன் வாங்கணும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி

ஒண்ணு: இலவசமா ஒரு மாசம் டெஸ்ட் பண்ணுங்க. இக்னோ பாடப் புத்தகங்கள் இ-ஞான்கோஷ் தளத்துல இலவசமாவே இருக்கு. கவிதைத் தாளோட முதல் தொகுதியை டவுன்லோட் பண்ணி, ஒரு மாசம் வாரத்துக்கு 13 மணி நேரம் படிச்சுப் பாருங்க. படிக்க முடிஞ்சா சேருங்க. முடியலைன்னா உங்களுக்கு நட்டம் பூஜ்யம். இதைவிட நல்ல ட்ரையல் எந்த ஓ.டி.டி.-யும் தராது.

ரெண்டு: அங்கீகாரம். எந்தப் பல்கலைக்கழகமா இருந்தாலும், அந்தப் படிப்புக்கு, நீங்க சேர்ற வருஷத்துக்கு, யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கான்னு அவங்க தளத்துலயே பாருங்க. பல்கலைக்கழகம் பெரிசு என்பது போதாது. இப்ப தொலைதூர, ஆன்லைன் படிப்புக்கு டெப் ஐடி எடுத்துத்தான் சேர முடியும். அதை நீங்களே எடுங்க, ஏஜென்ட் கையில கொடுக்காதீங்க.

மூணு: "ஒரே வருஷத்துல எம்.ஏ., பழைய தேதி போட்டுத் தர்றோம்"னு யாராவது சொன்னா போனை வெச்சுடுங்க. இக்னோல இந்த எம்.ஏ.-வுக்குக் குறைந்தபட்சம் ரெண்டு வருஷம். பழைய தேதி போட்டுக் கிடைக்கிறது டிகிரி கிடையாது, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இருக்கிற வேலையையும் காலி பண்ணக்கூடிய ஒரு காகிதம்.

நாலு: கடன் வாங்காதீங்க. தனியார் பல்கலைக்கழக ஆன்லைன் எம்.ஏ.-க்களுக்கு விளம்பரம் பலமா வருது. "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ன்னு கவுன்சிலர் தினமும் போன் பண்ணுவார். அதுல பல நேரம் உங்க பேர்ல ஒரு என்.பி.எஃப்.சி. கடன் இருக்கும். படிப்பைப் பாதில விட்டாலும் இ.எம்.ஐ. நிக்காது, கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துல படிச்ச தொலைதூர, ஆன்லைன் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம்னு யுஜிசி 2022 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு. சட்டப்படி எல்லாம் சமம்னா, பல மடங்கு பணம் எதுக்கு? நல்ல ஆப், நல்ல வீடியோ, ஞாபகப்படுத்த ஒரு ஆள். அது உங்களுக்கு அவ்வளவு மதிப்புன்னா கையில இருக்கிற பணத்துல கட்டுங்க.

அஞ்சு: வரிச் சலுகைக்காகச் சேராதீங்க. 80சி-ல கல்விக் கட்டணத்துக்குக் கிடைக்கிற கழிவு பிள்ளைகளோட முழுநேரப் படிப்புக்கு, நம்ம சொந்தப் படிப்புக்கு இல்லை. 80இ-ல கிடைக்கிறது கல்விக் கடனோட வட்டிக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறைல இருந்தாத்தான். புது முறைல இருக்கிறவங்களுக்கு ரெண்டும் கிடையாது.

கடைசியா

ஒரு பேப்பர் எடுத்து மூணு வரி எழுதுங்க. இந்த டிகிரியை நான் எங்க காட்டப் போறேன்? அங்க எத்தனை சதவீதம் கேட்கறாங்க? வாரத்துக்கு 13 மணி நேரம் எந்தெந்த நாள்ல, எத்தனை மணிக்கு? மூணுக்கும் விடை எழுத முடிஞ்சா, இந்த ஜூலையோ அடுத்த ஜனவரியோ சேருங்க, 55-க்கு மேல குறி வைங்க. முதல் வரிக்கு விடை "எங்கயும் இல்லை, எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னு வந்தாலும் சேருங்க, சந்தோஷமாப் படிங்க.

முதல் வரிக்கு விடையே வரலைன்னா சேர வேண்டாம். சுத்தி இருக்கிறவங்க "ஒரு பிஜி கூட இல்லையா?"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும். அவங்க யாரும் உங்களுக்காக ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து 'மிடில்மார்ச்' படிக்கப் போறதில்லை. அந்த 1,920 மணி நேரத்தை உங்க துறைல எதுக்குக் கொடுத்தா சம்பளம் ஏறும்னு இதே பேப்பரோட பின்பக்கம் எழுதுங்க.

ஏற்கெனவே சேர்ந்து பாதில நிக்கறவங்க, எத்தனை தாள் முடிச்சிருக்கீங்க, நாலு வருஷத்துல இன்னும் எத்தனை தேர்வு மிச்சம் இருக்குன்னு கீழே எழுதுங்க. முடிக்கறது லாபமா, விடறது லாபமான்னு அடுத்த வீடியோல அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.